வை என்றால் போ

எங்களுக்குக் கோச்சாக இருந்த இத்தாலிக்காரர் பதினோரு வருஷம் மிட்ஃபீல்டில் ஆடியவர். சும்மா சொல்லவில்லை, ஆதாரம் வைத்திருந்தார். ஒரு பிளாஸ்டிக் பை நிறைய இத்தாலியன் பேப்பர் கட்டிங். கூனிமேட்டில் எங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பரப்புவார். போட்டோவில் எவனோ ஒருத்தன் கோல் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடுவான். ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். அதன்மேல் விரலை வைத்து, "திஸ், மீ" என்பார்.

அடுத்த கட்டிங்கில் கோல்கீப்பர் அந்தரத்தில் பறப்பார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தருடைய பூட்ஸ். "திஸ் ஆல்சோ மீ." இப்படியே முழங்கை, பூட்ஸ், அரை முதுகு, ஒரு தடவை வெறும் நிழல். பதினோரு வருஷத்தையும் ஒட்டுப்போட்டால்கூட ஒரு முழு ஆள் தேறமாட்டார்.

"இந்தாளை முழுசா ஒரு போட்டோகூடவா புடிக்கல?" என்றார் அத்தா, என் அப்பா. நான் அதை இங்கிலீஷில் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மிட்ஃபீல்டர் வேலையே அதுதான், ஒருத்தனிடம் வாங்கி இன்னொருத்தனிடம் கொடுப்பது, ஜனங்கள் கண்ணுக்கு அவன் தெரிந்துவிட்டால் எங்கோ தப்பு செய்திருக்கிறான் என்று அர்த்தம் என்றார். நான் தமிழில் சொன்னதும், கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து அம்மா குரல் வந்தது.

"அப்ப நானும் அதுதான்னு சொல்லுடா."

இது எண்பதுகளின் கடைசியில். எனக்கு இருபத்தாறு வயது, பத்தாவது பாஸ், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பகலில் அத்தாவுடைய மளிகைக் கடையில் உட்காருவேன், சாயங்காலம் ஃபுட்பால் ஆடுவேன். டீமில் பாதிப் பேர் கூனிமேட்டு ஆட்கள், மீதிப் பேர் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். கிரவுண்டு என்று நாங்கள் சொல்லிக்கொண்டது யாரோ பாத்தி கட்டிவிட்டுக் கைவிட்ட பழைய அளம். வெள்ளை வெளேரென்று சிமெண்டு மாதிரி இறுகிக் கிடக்கும். விழுந்தால் முட்டி தேயும், தேய்ந்த இடத்தில் உப்பு ஏறும். அதனால் எங்கள் டீமில் ஃபவுல் கேட்டு நடித்து விழுகிற ஆள் ஒருத்தன்கூடக் கிடையாது.

இத்தாலியின் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஊரே அவரை இத்தாலி என்றுதான் கூப்பிட்டது. இரும்பை கிராமத்துக்கு அந்தாண்ட, வெள்ளைக்காரர்கள் மரம் நட்டுக் குடியிருந்த பக்கம் தங்கியிருந்தார். உப்பளத்தைப் பார்க்க சைக்கிளில் வந்தவர், நாங்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டு வரப்பில் நின்றார். ஒரு மணி நேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, நீங்கள் பந்தை ஆடவில்லை, துரத்துகிறீர்கள், அது என்ன தொலைந்துபோன ஆடா என்று கேட்டார். எனக்கு அப்போதெல்லாம் மூக்குக்கு மேலே கோபம் வரும். இப்போதும் வரும், மூக்குதான் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. "யோவ், நீ யாருய்யா அதைக் கேக்க?" என்று தமிழில் கத்தினேன். மறுநாள் அந்தப் பிளாஸ்டிக் பையோடு வந்தார்.

முட்டி உடைந்து ஆட்டம் நின்ற பிறகு, அவருடைய ஊரிலேயே பையன்கள் டீம் ஒன்றுக்குக் கோச்சானாராம். ஏழு மேட்ச். ஏழிலும் தோல்வி. எட்டாவது மேட்சுக்கு வேறு கோச் வந்துவிட்டாராம். அதற்கப்புறம் மன நிம்மதி தேடி இந்தியாவுக்கு வந்திருக்கிறார்.

"மன நிம்மதி தேடி நம்ம டீமுக்கா?" என்றார் எங்கள் கேப்டன்.

அவரைக் கோச்சாக வைத்துக்கொள்ளலாம் என்று கை தூக்கிய முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் இல்லை, சம்பளம் கேட்காததால் மற்றவர்கள் தடுக்கவும் இல்லை. எனக்கு மட்டும் ஏன் அந்த அவசரம் என்று சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் துபாய் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. எனக்கும் விசா எடுத்து அனுப்பிவிட்டான். அவன் மகளுக்கு அப்போது அஞ்சு வயது. போன தடவை லீவில் வந்து அவளைத் தூக்கப் போனபோது அவள் அலறிவிட்டாள். சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டி, "எங்க அத்தா அங்க இருக்காங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தான். அப்புறம் கொல்லைப் பக்கம் போய் ரொம்ப நேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தான். என் பொண்டாட்டிக்கு அப்போது நாலாவது மாசம். எனக்குச் சுவரில் தொங்க இஷ்டமில்லை.

பாண்டியில் ஒரு மில் இருந்தது. பெயர் வேண்டாம். ஆடத் தெரிந்தவனுக்கு மில்லிலேயே வேலை போட்டுக் கொடுத்து, தங்கள் டீமில் சேர்த்துக்கொள்வார்கள். அவர்களுக்கு ஒரு மிட்ஃபீல்டர் வேண்டும் என்றும், மே மாசம் மரக்காணத்தில் நடக்கிற டோர்னமென்ட் ஃபைனலுக்கு ஆள் பார்க்க வருவார்கள் என்றும் தகவல் வந்தது. அத்தாவிடம் சொன்னேன். அத்தா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மில்லுல வேலை கெடைச்சா இரு. கெடைக்கலன்னா ஜூன்ல ஏறு. விசா என்ன ஊறுகாயா, வருஷக்கணக்கா ஜாடியில போட்டு வைக்க?"

ஆக, ஃபைனல் வரைக்கும் போகவேண்டும், அதில் நான் ஒழுங்காக ஆடவேண்டும். ஏழு மேட்ச் தோற்ற கோச் இதற்கு எப்படி உதவுவார் என்று நான் யோசிக்கவில்லை. முங்குகிறவனுக்கு எது கையில் பட்டாலும் கட்டைதான்.

முதல் நாள் பிராக்டிஸிலேயே வம்பு வந்தது. கேப்டன் உப்பளத்தில் மேஸ்திரி, நாற்பதை நெருங்கியவர், ஸ்டாப்பர் பேக். பந்தோடு நிதானமாக நடந்துகொண்டிருந்தார். அவர் ஓடுவது குறைவு. இத்தாலி வரப்பிலிருந்து கையைத் தட்டிக் கத்தினார். "டாய்! டாய்!"

கேப்டன் பந்தை அப்படியே விட்டுவிட்டு, வேலிக்கருவை மேல் போட்டிருந்த சட்டையை எடுத்து உதறி, ஒவ்வொரு பட்டனாகப் போட்டார்.

"எங்கப்பனே என்னை டேய்னு கூப்பிட்டு பதினஞ்சு வருஷம் ஆவுது. இந்த ஆளுகிட்ட டாய் வாங்கணும்னு எனக்கென்னப்பா தலையெழுத்து?"

நான் இத்தாலியிடம் ஓடினேன். அவருக்கு வியர்த்துவிட்டது. அவர் பாஷையில் டாய் என்றால் வசவு இல்லையாம். கிளம்பு, விடாதே, உன்னால் முடியும் என்று உற்சாகப்படுத்துகிற வார்த்தையாம், பெற்ற தாயே பிள்ளையிடம் சொல்வாளாம். கேப்டனிடம் போய் இதைச் சொன்னேன். அவர் யோசித்தார்.

"அவங்க ஊர்ல என்னவா வேணா இருக்கட்டும். இங்க மரியாதையா சொல்லச் சொல்லு."

"டாயை எப்படிங்க மரியாதையா சொல்றது?"

"ங்க போட்டு சொல்லச் சொல்லு."

இத்தாலிக்கு ங்க என்றால் என்ன என்று விளக்கப் பத்து நிமிஷம் ஆனது. அதற்குப் பிறகு அந்த சீசன் முழுக்க எங்கள் பக்கத்து வரப்புகளில் "டாய்ங்க! டாய்ங்க!" என்று கேட்டுக்கொண்டிருந்தது. கேப்டன் தலையை ஆட்டிவிட்டு ஓடுவார். பெரிய மனுஷன், மரியாதை கொடுத்தால் ஓடத்தான் செய்வார்.

டாய் தீர்ந்தது. ஆனால் அதைவிடப் பெரிய கண்டம் ஒன்று காத்திருந்தது. அதன் பெயர் வை.

உப்பளத்தில் வாரின உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு வரப்பு மேல் வரிசையாக வருவார்கள். குவியல் பக்கத்தில் மேஸ்திரி நின்று "வை" என்பார். அப்போதுதான் இறக்கவேண்டும். முந்தி இறக்கினால் உப்பு ஈரத்தில் விழும். பிந்தினால் பின்னால் வருகிறவள் கூடை முதுகில் இடிக்கும். எங்கள் லெஃப்ட் விங்கர் பத்து வருஷம் அந்த வரிசையில் நடந்தவன். வை என்கிற சத்தம் அவன் காதுக்குப் போவதில்லை, நேராகக் கழுத்துக்குப் போகும்.

அன்றைக்கு அவன் இரண்டு பேரைத் தாண்டிவிட்டான். எதிரே கோல்கீப்பர் மட்டும். இத்தாலி எம்பிக் குதித்தார். "வை! வை! வை!"

விங்கர் நின்றான். பந்தைக் காலால் ஒழுங்காக நிறுத்தி வைத்தான். ஓரடி தள்ளி நின்று, வைத்துவிட்டேன், அப்புறம் என்ன என்பதுபோல் கோச்சைப் பார்த்தான். கோல்கீப்பர் நடந்து வந்து பந்தை எடுத்துக்கொண்டு போனார்.

இத்தாலி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "ஒய் ஸ்டாப்? ஒய்?"

"அவர்தானே வைன்னாரு," என்றான் விங்கர், அழாத குறையாக.

விசாரித்ததில், இத்தாலியனில் வை என்றால் போ. எங்கள் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப வா சொன்னா?" என்று கேப்டன் கேட்டார். நான் இத்தாலியிடம் கேட்டுச் சொன்னேன். வா என்றாலும் போதான்.

"வைன்னாலும் போ, வான்னாலும் போ. அப்ப அந்த ஊர்ல எவனும் திரும்பி வர்றதே இல்லையா?" என்றார் கேப்டன்.

எல்லோருக்கும் வை கற்றுத்தருகிற வேலை என் தலையில் விழுந்தது. இங்கிலீஷ் தெரிந்த பாவம். தினமும் அரை மணி நேரம் வரப்பில் நின்று "வை!" என்று கத்துவேன், அவர்கள் ஓடவேண்டும். முதல் வாரம் நின்றார்கள். இரண்டாவது வாரம் நின்று, யோசித்து, ஓடினார்கள். மூன்றாவது வாரம் ஓடினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதே வாரம் ஒரு நாள் காலையில் அளத்தில் மேஸ்திரியாக நின்ற கேப்டன் "வை" என்று சொல்ல, எங்கள் விங்கர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே குவியலைத் தாண்டி அடுத்தவன் பாத்திக்குள் ஓடிவிட்டான். கேப்டன் அவனைப் பார்த்துச் சொன்னது எந்தப் பாஷையிலும் எழுதக்கூடியது இல்லை.

சாயங்காலம் எல்லோரையும் நிறுத்தி அவர் சட்டம் போட்டார். "அளத்துல தமிழு, கிரவுண்டுல இத்தாலி. வரப்பு தாண்டுனா பாஷையை மாத்திக்கணும். புரிஞ்சுதா?"

என் ஆட்டத்தையும் இத்தாலி மாற்றினார். நான் பந்து கிடைத்தால் நாலு பேரைச் சுற்றிக் காட்டாமல் விடமாட்டேன். அவர் அதைப் பார்த்து, நீ கல்யாண வீட்டில் மாப்பிள்ளையா, பந்தி பரிமாறுகிறவனா என்று கேட்டார். அவர் சொன்னது வேறு மாதிரி, நான் புரிந்துகொண்டது இப்படி. இரண்டே டச். வாங்கு, கொடு. "நான் யார் கண்ணுக்கும் தெரியலன்னா மில் ஆள் எப்படிப் பார்ப்பாரு?" என்று சண்டை போட்டேன். தெரிந்தவன் பார்ப்பான் என்றார். ஏழு மேட்ச் தோற்ற ஆள் இவ்வளவு உறுதியாகப் பேசியது எனக்குப் பிடித்துவிட்டது.

டோர்னமென்டில் ஜெயிக்க ஆரம்பித்தோம். எங்களுக்கே ஆச்சரியம். பெருமுக்கல் டீமை மூன்று கோலில் அடித்தோம். அந்த மேட்சைப் பார்த்துவிட்டு வந்த என் மச்சான், பொண்டாட்டிக்கு அண்ணன், எங்கள் வீட்டில் எல்லாக் கோலையும் விவரமாகச் சொன்னான். கடைசியில் என் பொண்டாட்டி, "உங்க மச்சான் எப்படி ஆடினாங்க?" என்று கேட்டாளாம். அவன் யோசித்துவிட்டு, "அவர் ஆடினாரா என்ன?" என்றானாம். அவளுக்கு முகம் வாடிவிட்டது. அதுதான் பெரிய பாராட்டு என்று அவளுக்கு விளக்கினேன். சோறு போட்டுக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஃபைனல் அன்றைக்குக் கிளம்பும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "கோவப்படாம ஆடுங்க. இன்ஷா அல்லாஹ், நீங்க இங்கயே இருப்பீங்க."

எதிரே பாண்டி பக்கத்து டீம். மைக் செட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மில் ஆள் உட்கார்ந்திருந்தார், வெள்ளைச் சட்டை, மடியில் குடை. ஆளுக்கு ஒரு கோல் ஆகியிருந்தது. ஹாஃப் டைம் முடிந்து இறங்கும்போது கேப்டன் என் காதில் சொன்னார். "அந்தாளு கேட்டாருப்பா, அந்த எட்டாம் நம்பர் யாருன்னு." எட்டாம் நம்பர் நான். சந்தோஷத்தில் பனியனை இழுத்து, நம்பர் நன்றாகத் தெரிகிற மாதிரி விட்டுக்கொண்டேன்.

ஆட்டத்தில் இடையிடையே "போ! போ!" என்று ஒரு சத்தம் கேட்டது. கூட்டத்தில் எவனோ கத்துகிறான் என்று விட்டுவிட்டேன்.

கடைசி அஞ்சு நிமிஷம். எங்கள் பக்கத்திலேயே பந்து என் காலுக்கு வந்தது. எதிராளிகள் இரண்டு பேர் நெருங்கினார்கள். நிறுத்தி, கேப்டனுக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் சரி. என் காலுக்கே அது தெரிந்திருந்தது. அப்போது லைனிலிருந்து இத்தாலி கத்தினார். "வை! வை!"

கோச் சொல்லிவிட்டார். போனேன். இரண்டு பேருக்கு நடுவில் பந்தோடு பாய்ந்தேன். கொடுக்க ஆள் தேடி நிமிர்ந்தால் எங்கள் ஆட்கள் பத்துப் பேரும் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தன்கூட அசையவில்லை. பந்தைப் பிடுங்கிக்கொண்டு போனவன் நேராகப் போய்க் கோல் போட்டான். அவனை மறிக்கவேண்டிய கேப்டனும் நின்றுகொண்டுதான் இருந்தார். அதோடு கடைசி விசிலும் ஊதிவிட்டார்கள், தோற்றோம்.

"ஏம்பா, அவரு வைன்னுதானே சொன்னாரு?" என்றார் கேப்டன்.

"ஆமா. அதான் போனேன்."

"அட அல்லாவே! அவரு தமிழ்ல சொன்னாருப்பா! போ போன்னு கத்துனதும் அவருதான்!" கேப்டன் வன்னிய வீட்டு ஆள், அவர் வாயில் அல்லா வந்தது அன்றைக்குத்தான்.

ஃபைனலுக்கு முந்தின வாரம் முழுக்க இத்தாலி அளத்துப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து தமிழ் கற்றிருக்கிறார். ஒருத்தனுக்காகப் பதினோரு பேர் பாஷையை மாற்றிக்கொள்வது அவருக்கு வெட்கமாக இருந்ததாம். ஃபைனலில் எல்லோரையும் ஆச்சரியப்படுத்தலாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. போ என்றால் போ. வை என்றால் வை. பந்தை வை, அவசரப்படாதே என்று சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் நெருக்கடியில் மூன்று வாரப் பாடத்தையும் மறந்துவிட்டுத் தமிழில் நின்றார்கள். பாடம் எடுத்த நான் ஒருத்தன் மட்டும் இத்தாலியனில் ஓடினேன்.

என்னிடமிருந்து பந்தைப் பிடுங்கினானே, அவனை மில்லுக்கு எடுத்துக்கொண்டார்கள். அவனும் எட்டாம் நம்பர்தான்.

மறுநாள் இத்தாலி கடைக்கு வந்தார். எனக்குத் தலைக்கு ஏறியது. "யோவ், உன்னை யாருய்யா தமிழ் கத்துக்கச் சொன்னது?" என்று கத்தினேன். பருப்பு வாங்க வந்த இரண்டு பேர் பருப்பை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் சொன்னது அவருக்கு முழுசாகப் புரிந்தது. அதுதான் கஷ்டம்.

சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டிங்கை எடுத்துப் பிரித்தார். அது அந்தப் பிளாஸ்டிக் பையில் இருந்ததில்லை, நான் பார்த்ததே இல்லை. பாதிப் பக்கத்துக்கு ஒரே ஒரு முகம். வாய் பிளந்து, கண் பிதுங்கி, சின்ன வயசு இத்தாலி. அவருடைய கடைசி மேட்சாம். தன் கோலிலேயே தான் பந்தை அடித்த நிமிஷமாம்.

"திஸ், மீ," என்றார்.

அம்மா வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். "மொகம் நல்லாத்தானே இருக்குது," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவன் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அரிசி மூட்டை மேல் சாய்ந்து, அத்தா முன்னால், வாய்விட்டு அழுதேன். எனக்குப் போகப் பிடிக்கவில்லை அத்தா என்று சொன்னேன். "நஸீபுடா, எழுதினது அவ்வளவுதான்," என்றார் அத்தா. பிறகு, வைத்துவிட்டுப் போன பருப்பை எடுத்து மறுபடி மூட்டையில் கொட்டினார்.

ஜூனில் மெட்ராஸ் பஸ் ஏறினேன். கேப்டன் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து, "டாய்ங்க, நல்லபடியா இரு" என்றார். பஸ் உறுமிக்கொண்டிருக்கும்போது இத்தாலி சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வார்த்தை தேடினார். கடைசியில் "வா" என்றார். எந்தப் பாஷையில் என்று கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

அடுத்த வருஷம் டீம் கப் அடித்தது. கேப்டன் யாரையோ எழுதச் சொல்லி லெட்டரும் போட்டோவும் அனுப்பினார். கப்பைத் தூக்கிக்கொண்டு அவர் நின்றார், சுற்றிலும் நம் ஆட்கள், ஓரத்தில் ஒரு வெள்ளை முழங்கை.

மூன்றரை வருஷம் கழித்துத்தான் லீவு கிடைத்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது என் மகள் தன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தடவை என்னைப் பார்த்தாள், ஒரு தடவை சுவரைப் பார்த்தாள். நான் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டி, "வா" என்றேன்.

அவள் அதை இத்தாலியனில் கேட்டுக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.